கார்டு எண்ணைக் காணாமலே பணம் பெறுவோம்

நம் பள்ளியில் பயிலும் மாணவியருள் பலர் சிறுதொழில் செய்யும் குடும்பங்களிலிருந்து வருகிறோம். தையல், பலகாரம், ஊறுகாய், ஓலைப்பெட்டி, மெழுகுவர்த்தி என நம் தாய்மார் செய்யும் தொழில்கள் பல. பொருளின் தரத்தில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் வாங்குபவர் வெளியூரில் இருந்து, "கார்டில்தான் பணம் கட்ட முடியும்" என்று சொல்லிவிட்டால் கையைப் பிசைந்து நிற்கிறார்கள். அத்தகைய ஒரு நிகழ்ச்சியே பதினோராம் வகுப்பு வணிகவியல் மாணவியராகிய எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் தூத்துக்குடிக்கு அருகேயுள்ள கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தையல் தொழில் செய்கிறார். புதுநன்மை உடை தைப்பதில் கைதேர்ந்தவர். சென்ற தவக்காலத்தில் கோவையிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். தம் பங்கில் புதுநன்மை வாங்கவிருந்த பன்னிரண்டு சிறுமியருக்கு உடை வேண்டும். ஓர் உடை 1,800 ரூபாய் வீதம் மொத்தம் 21,600 ரூபாய். "மாதக் கடைசி, கையில் ரொக்கம் இல்லை, கிரெடிட் கார்டு எண்ணைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். தோழியின் தாயாரும் பதினாறு இலக்க எண், காலாவதி மாதம், பின்புறத்து மூன்று இலக்கம் ஆகிய அனைத்தையும் அளவு நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் வங்கிக்குச் சென்று நோட்டைக் காட்டியபோது, "அம்மா, இதை வைத்து நீங்கள் பணம் பெற முடியாது. இதை எழுதி வைத்திருப்பதே தவறு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு உடைகளும் கோவையிலேயே ஒரு கடைக்குப் போயின. அந்த நோட்டோ, வந்து போவோர் எல்லாரும் பார்க்கும்படி தையல் இயந்திரத்தின் மேல் இரண்டு வாரம் திறந்தே கிடந்தது.

தோழி இதை வகுப்பில் சொன்னபோது, வணிகவியல் கற்பிக்கும் சிஸ்டர் ஆர்டர் போனதைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "அந்தத் தாளை என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்டார். அக்கேள்வியின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. பின்னர் பாடமாகப் படித்தபோது விளங்கியது. நாங்கள் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

யு.பி.ஐ. இருக்கக் கார்டு எதற்கு?

இவ்வினா எழுவது இயல்பே. 2016-ஆம் ஆண்டு வந்த யு.பி.ஐ. முறையால் இன்று கீரை விற்பவர்கூடக் கைப்பேசியில் பணம் பெறுகிறார். உள்ளூர் வணிகத்திற்கு அதுவே போதும். ஆயினும் கடனில் வாங்கி அடுத்த மாதம் கட்ட விரும்புவோர், வெளிநாட்டு வங்கியின் கார்டு வைத்திருப்போர், அலுவலகக் கார்டில் வாங்குவோர் ஆகியோர் கார்டையே நாடுகின்றனர். அவர்களை இழப்பது சிறு தொழிலுக்குப் பெரும் இழப்பு.

எண்ணின் இலக்கணம்

கார்டில் உள்ள எண் ஏதோ வரிசை எண் அன்று. அதன் முதல் இலக்கங்கள் அது எந்த வகைக் கார்டு, எந்த வங்கி வழங்கியது என்பவற்றைக் காட்டும். 4 என்று தொடங்கினால் விசா. மாஸ்டர்கார்டு 5 அல்லது 2 என்று தொடங்கும். நம் நாட்டு ரூபே கார்டுகள் பல 6 என்று தொடங்குவன. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதைக் கணிக்கும் முறையை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர். 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960-இல் பெற்றார்.

கணக்குப் பிரியர்களுக்காக அம்முறையை ஒரு சிறிய எண்ணில் காட்டுகிறோம். 251488 என்பதை எடுத்துக்கொள்வோம். வலப்புறமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். விடை ஈரிலக்கமானால் அவ்விரண்டையும் கூட்ட வேண்டும். கடைசி 8 அப்படியே 8. அடுத்த 8-ஐ இரட்டித்தால் 16, அதாவது 1+6=7. அடுத்து 4 அப்படியே 4. 1-ஐ இரட்டித்தால் 2. 5 அப்படியே 5. 2-ஐ இரட்டித்தால் 4. எல்லாம் கூட்ட 30. பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் சரி. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் கூட்டுத்தொகை வகுபடாது.

இதனால் எழுத்துப் பிழை பிடிபடும்; ஏமாற்று பிடிபடாது. எண் சரியாக இருப்பதாலேயே அதைச் சொல்பவர் கார்டுக்கு உரியவர் ஆகிவிட மாட்டார். எண்ணும் காலாவதி மாதமும் மூன்று இலக்கமும் யார் கையில் கிடைத்தாலும் அவர் உரியவரைப் போல நடிக்கலாம். இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டைக் கொண்டு இணையத்தில் பணம் செலுத்துகையில் இரண்டாம் சான்று ஒன்றும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 1.8.2009 முதல் விதித்திருப்பது இதனால்தான். பெரும்பாலும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணே அந்தச் சான்று. ஆனால் சில வெளிநாட்டு வணிகத் தளங்கள் ஓ.டி.பி. கேட்பதில்லை. அளவு நோட்டில் கிடந்த அந்த எண், அங்கே ஒருவர் பொருள் வாங்கப் போதுமானதாக இருந்திருக்கக்கூடும். சிஸ்டரின் கேள்விக்குப் பொருள் இதுவே.

நடுவர் ஒருவர் தேவை

அப்படியானால் தொலைவிலுள்ளவரின் கார்டிலிருந்து பணம் பெறுவது எங்ஙனம்? விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நம்பிக்கைக்குரிய நடுவர் ஒருவர் வேண்டும். அவரைப் பேமென்ட் அக்ரிகேட்டர் என்பர். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ போன்றவை இத்தகைய நிறுவனங்கள். இவற்றை ஒழுங்குபடுத்தும் விதிகளை ரிசர்வ் வங்கி 17.3.2020 அன்று வெளியிட்டது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அவ்வங்கி தன் இணையத்தளத்திலேயே தந்துள்ளது. பட்டியலில் பெயர் உள்ளதா என்று பார்த்த பின்னரே எவரிடமும் கணக்குத் தொடங்க வேண்டும்.

நடுவர் தரும் வசதிகளுள் சிறு தொழிலுக்கு மிக எளியது பேமென்ட் லிங்க் ஆகும். இதற்குச் சொந்த இணையத்தளம் வேண்டியதில்லை. தொகையையும் பொருளின் விவரத்தையும் வாங்குபவரின் கைப்பேசி எண்ணையும் நாம் பதிந்தால் ஒரு லிங்க் உருவாகும். அதை வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பலாம். வாங்குபவர் அதைத் திறந்து, நடுவரின் பக்கத்தில் தம் கார்டு எண்ணைத் தாமே பதிவார்.

அதன்பின் சில நொடிகளில் நடப்பது வியப்பானது. கோரிக்கை நடுவரிடமிருந்து, விற்பவர் தரப்பில் பணம் பெறும் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே முதலிய வலையமைப்பின் வழியாகக் கார்டு வழங்கிய வங்கியை அடைகிறது. அவ்வங்கி கார்டுக்கு உரியவரிடம் ஓ.டி.பி. கேட்டுச் சரிபார்த்து, "சரி" அல்லது "இல்லை" என்று விடை அனுப்புகிறது. வந்த வழியே விடை திரும்புகிறது. நமக்குக் கிடைப்பது "பணம் செலுத்தப்பட்டது" என்னும் செய்தி மட்டுமே. இவ்வளவு நீண்ட பயணத்தில் எந்த இடத்திலும் கார்டு எண் விற்பவர் கண்ணில் படுவதில்லை. காணாத இரகசியத்தை நாம் தொலைக்கவும் முடியாது, பிறர் நம்மிடமிருந்து திருடவும் முடியாது. அதுவே நமக்குப் பெரிய பாதுகாப்பு.

1.10.2022 முதல் கார்டு வழங்கிய வங்கியும் வலையமைப்பும் தவிர, வணிகரோ நடுவரோ வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைத்தல் ஆகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரிய வணிகத் தளங்களுக்கே மறுக்கப்பட்ட ஒன்றை நாம் அளவு நோட்டில் செய்யலாமா?

தொடங்கும் முறை

முதலாவது, தொழில் செய்பவர் பெயரில் பான் கார்டும் அதே பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். இரண்டிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருத்தல் நலம். ஒன்றில் தகப்பனார் பெயரும் மற்றொன்றில் கணவர் பெயரும் இருந்தால் விண்ணப்பம் தாமதப்படக்கூடும். இரண்டாவது, முகவரிச் சான்றும் தொழில் பற்றிய விவரமும் தர வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். அது தொழிலுக்குச் சான்றாகப் பயன்படும். மூன்றாவது, கணக்கு ஒப்புதல் பெற்றதும் சிறு தொகைக்கு ஒரு லிங்க் செய்து, வீட்டார் ஒருவரின் கார்டில் பணம் கட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேரும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். "செலுத்தப்பட்டது" என்ற செய்தி உடனே வந்தாலும், பணம் நம் கணக்கில் சேரப் பொதுவாக ஓரிரு வேலை நாள்கள் ஆகும். துணி வாங்க நாளைக்கே பணம் வேண்டும் என்பவர் இதை மறத்தலாகாது.

வெளிமாநிலத்திற்குப் பொருள் விற்போருக்கு ஜி.எஸ்.டி. பதிவு குறித்துத் தனி விதிகள் உண்டு. அதைக் கணக்காளர் ஒருவரிடம் கேட்டறிதல் நன்று.

கட்டணக் கணக்கு

நடுவரின் உழைப்புக்குக் கூலி உண்டு. உள்நாட்டுக் கிரெடிட் கார்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு கட்டணமும், அக்கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் என்று வைத்துக் கணக்கிடுவோம்.

இரண்டு உடைகளின் விலை ரூ. 3,600.00
கட்டணம் 2 விழுக்காடு ரூ. 72.00
அதன் மேல் வரி ரூ. 12.96
மொத்தப் பிடித்தம் ரூ. 84.96
கைக்கு வருவது ரூ. 3,515.04

ஓர் உடைக்கு 1,800 ரூபாய் முழுமையாகக் கைக்கு வர வேண்டுமானால் விலையை 1,845 ரூபாய் என்று வைக்க வேண்டும். துணி, நூல், பொத்தான், மின்சாரம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்ப்பது போல இதையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். பணம் வந்த பிறகு, "குறைகிறது, மேலும் அனுப்புங்கள்" என்று கேட்பது முறையன்று.

டெபிட் கார்டுக்குக் கழிவு குறைவு. ஆண்டு விற்பனை 20 இலட்சம் ரூபாய் வரையுள்ள சிறு வணிகரிடம் 0.40 விழுக்காட்டுக்கு மேலோ, ஒரு விற்பனைக்கு 200 ரூபாய்க்கு மேலோ கழிவு வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 1.1.2018 முதல் வரையறுத்தது. அந்தக் கழிவை வாடிக்கையாளர் தலையில் ஏற்றலாகாது என்பதும் அதனுடன் வந்த அறிவுரை. ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 1.1.2020 முதல் இக்கழிவே கிடையாது. ஆயினும் நடுவர் தம் சேவைக்கென்று வேறு கட்டணம் கேட்கிறாரா என்பதைக் கணக்குத் தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

வந்த பணம் திரும்புமா?

திரும்பக்கூடும். இதை அறியாமல் இருப்பதே பலரைத் திடுக்கிடச் செய்கிறது. பொருள் வந்து சேரவில்லை என்றோ, சொன்னபடி இல்லை என்றோ வாங்கியவர் தம் வங்கியில் முறையிடலாம். அப்போது வங்கி அத்தொகையை நம்மிடமிருந்து திரும்பக் கோரும். இதைச் சார்ஜ்பேக் என்பர். சான்று காட்ட நமக்குச் சில நாள்களே தவணை கிடைக்கும். "என் கார்டை வேறு யாரோ பயன்படுத்திவிட்டார்கள்" என்னும் முறையீடு ஓ.டி.பி. சரிபார்க்கப்பட்ட விற்பனையில் பெரும்பாலும் கார்டு வழங்கிய வங்கியின் பொறுப்பாகிவிடும். பொருள் சேரவில்லை என்பதற்கு நாமே பொறுப்பு.

ஆதலால் நான்கு சான்றுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆர்டர் பற்றிய உரையாடல், அனுப்பும் முன் எடுத்த பொருளின் புகைப்படம், ஸ்பீடு போஸ்ட் அல்லது கூரியர் இரசீது, பொருள் சேர்ந்ததற்கான விவரம் ஆகியவையே அவை. முறையீடு செய்யப் பல வேளைகளில் 120 நாள் வரை இடம் உண்டு. ஆகவே ஆறு மாதமாவது அவற்றை வைத்திருத்தல் அறிவுடைமை. ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும்.

வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்க நடுவரிடம் தனி அனுமதி பெற வேண்டும். கட்டணமும் கூடுதல். நம் நாட்டு ஓ.டி.பி. விதி அக்கார்டுகளைக் கட்டுப்படுத்தாது. முன்பின் அறியாதவரிடமிருந்து பெரிய தொகை வந்தால், சற்று விசாரித்த பின்னரே பொருளை அனுப்ப வேண்டும்.

விழிப்பாயிருக்க வேண்டியவை

விற்பவரை ஏமாற்றுவோரும் உளர். அவர்களின் வழிகள் பெரும்பாலும் மூன்று.

பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். அவை கேட்கப்பட்டால் பணம் நம்மை விட்டுப் போகப்போகிறது என்று பொருள்.

பணம் கட்டிவிட்டதாகக் காட்டும் படம் ஒன்றை அனுப்பி, உடனே பொருளைக் கேட்பார்கள். படத்தை யாரும் வரையலாம். நம் கணக்கில் பார்த்ததையே நம்ப வேண்டும்.

கூடுதலாகக் கட்டிவிட்டு, "மிகுதியை வேறொரு கணக்கிற்கு அனுப்புங்கள்" என்பார்கள். கட்டியது திருட்டுக் கார்டாக இருக்கலாம். எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதே கார்டுக்கு, நடுவரின் வழியாகவே திருப்பித் தர வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கலாகாது. உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்து முறையிட வேண்டும். முறையீடு எவ்வளவு விரைவாகச் செல்கிறதோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி.

பின்னர் நடந்தது

தோழியின் தாயார் சிஸ்டரின் அறிவுரைப்படி அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் இட்டார். அதோடு நிற்கவில்லை. கோவை அம்மையாரை அழைத்து, "உங்கள் எண் இரண்டு வாரம் என் நோட்டில் திறந்து கிடந்தது, வங்கியில் சொல்லிக் கார்டை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று உண்மையைச் சொன்னார். இழந்த வாடிக்கையாளரிடம் தம் தவற்றைத் தாமே சொல்வது எளிதன்று. சொல்லும்போது அவர் குரல் நடுங்கியதாகத் தோழி கூறினாள். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சொன்னதற்கு நன்றி அக்கா" என்று மட்டும் பதில் வந்ததாம்.

அதன்பின் அவர் தம் பெயரில் கணக்குத் தொடங்கினார். விண்ணப்பத்தை நிரப்ப எங்களுள் நால்வர் ஒரு சனிக்கிழமை முழுவதும் உதவினோம். பான் கார்டில் உள்ள பெயருக்கும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபட்டதால் பத்து நாள் தாமதமாயிற்று. கணக்கு வந்ததும் முதல் ஆர்டர் யாரிடமிருந்து வந்தது தெரியுமா? அதே கோவை அம்மையாரிடமிருந்து! தம் உறவினர் வீட்டுச் சிறுமியர் இருவருக்கு உடை வேண்டும் என்றார். லிங்க் சென்றது. இரண்டு நாளில் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்தது. குறுஞ்செய்தியைப் பார்த்த தாயார், "ஏட்டி, மூவாயிரத்து அறுநூறுல்ல வரணும்? மிச்சம் எண்பத்தஞ்சு ரூவா எங்க போச்சு?" என்று மகளைக் கேட்டார். அந்தக் கணக்கைத்தான் மேலே எழுதியிருக்கிறோம்.

கணக்காளர்களின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித மத்தேயு, சுங்கச் சாவடியில் பிறர் பணத்தைக் கையாண்டவர். அவருடைய திருநாளான செப்டம்பர் 21 அன்று நாங்கள் எங்கள் வகுப்பில் ஓர் உறுதி எடுத்துக்கொண்டோம். எவருடைய கார்டு எண்ணையும் கேட்பதில்லை, சொன்னாலும் எழுதுவதில்லை, எழுதியதைக் கண்டால் உரியவருக்குச் சொல்லிவிட்டு அழிப்பது என்பதே அது. பெற்றோரே, தோழியரே, உங்கள் வீட்டு நோட்டுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அத்தகைய தாள் ஒன்று இருக்குமானால் இன்றே உரியவரை அழையுங்கள்.